இரண்டு வருட வாய்தாவுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். ஏழைகளுக்கு இலவசமாகக் கேஸ் நடத்த ஒரு அறக்கட்டளை கொடுத்த என் இரண்டு வருட ஃபெல்லோஷிப் வருகிற 31ஆம் தேதியோடு முடிகிறது. அறக்கட்டளைக்கு இறுதி அறிக்கை அனுப்பியாயிற்று. அந்தப் படிவத்தில் 'உதவியவர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. இரண்டு வரிக்கு மேல் அதில் டைப் அடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். யார் பெயரையும் எழுதப்போவதில்லை. சிலர் வேண்டாம் என்றார்கள், சிலருக்குப் பெயர் வெளியே வந்தால் தொல்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் பணம் கொடுத்தவர்கள். நன்றி சொல்லும் இடத்தில் காசைப் பற்றிப் பேசக்கூடாது என்று எங்கம்மா சொல்லும். எனக்குப் பேசாமல் முடியாது. எங்கள் வம்சத்தில் கோர்ட் படி ஏறியவர்கள் உண்டு, எல்லோரும் சாட்சியாகவோ எதிரியாகவோதான். கறுப்புக் கோட்டோடு ஏறியது நான் முதல். பார் கவுன்சிலில் பதிவு செய்ய அம்மா சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுத்தது. பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 ஜூலை 30இல். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு வாழ்த்து. அம்மாவின் சீட்டு போனது போனதுதான்.

ஜூனியராக இருந்த நாட்களில் கையில் வந்ததற்குப் பெயர் பெட்ரோல் காசு. என்னிடம் வண்டி கிடையாது என்பது வேறு விஷயம். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் சொன்னபோது, கேன்டீனில் ஒரு அண்ணன் அந்தச் செய்தியை வாய்விட்டு வாசித்தார். எல்லோரும் சிரித்தோம். அது ஏன் சிரிப்பாக வந்தது என்று இப்போது யோசித்தால் கொஞ்சம் வலிக்கிறது.

அந்த நிலைமையில் இலவசக் கேஸ் எடுப்பது பெரிய மனதைப் பொறுத்த காரியமாக எனக்குப் படவில்லை. வாடகையைப் பொறுத்தது. ஃபெல்லோஷிப் நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்த அறக்கட்டளை மேடம் இதைத்தான் கேட்டார்: "உனக்கு வாடகையும் பஸ் காசும் நாங்க குடுத்துட்டா, காலையில எந்திரிச்சு எங்க போவ?" பிறகு அமெரிக்காவில் ஸ்காடன் என்ற பெரிய வக்கீல் நிறுவனம் தன் நாற்பதாம் ஆண்டையொட்டி 1988இல் தொடங்கிய திட்டத்தைப் பற்றிச் சொன்னார். இளம் வக்கீல் எந்த ஏழைகளுக்காக எந்த அமைப்பில் வேலை செய்யப்போகிறார் என்று அவரே எழுதிக்கொண்டு வரவேண்டும். பிடித்திருந்தால் இரண்டு வருடச் சம்பளம் அவர்கள் பொறுப்பு. கட்சிக்காரரிடம் கை நீட்ட வேண்டியதில்லை. அந்த அளவுப் பணம் நம்மிடம் இல்லை, ஆனால் யோசனை அதுதான் என்றார்.

நான் சொன்ன பதில், "புது ஜெயில் ரோட்டுக்குப் போவேன் மேடம்." அங்கே இருக்கிற மதுரை மத்திய சிறையில், பெயில் கிடைத்தும் வெளியே வரமுடியாமல் இருக்கிறவர்களுக்காக.

இது வெளியில் இருக்கிறவர்களுக்கு நம்பமுடியாத விஷயம். பெயில் கிடைத்தால் வந்துவிட வேண்டியதுதானே? வரமுடியாது. ஆர்டரில் இரண்டு ஜாமீன்தாரர் கேட்பார்கள். வீட்டு வரி ரசீது, ஆதார், போட்டோ, சொத்து இருப்பதற்குச் சான்று. சில ஆர்டரில் ஒருவர் ரத்த சம்பந்தம் உள்ளவராக இருக்க வேண்டும் என்றும் இருக்கும். இது இல்லாதவன் கையில் ஆர்டரை வைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பான். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31இல் இதற்கென்றே வழி சொல்லியிருக்கிறது. பெயில் ஆர்டரின் நகலை அன்றைக்கோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். காவலில் இருக்கிறவருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவே சொல்கிறது. எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. ஒரு ஆள் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நாலு இடம் அலைய வேண்டும். இலவசச் சட்ட உதவி வக்கீல்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கையில் இருக்கிற கேஸ் கட்டுகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இரண்டு வருடம் வேறு கட்டே இல்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்தது அதைத்தான்.

இனி அந்த ஒடிசாத் தம்பியைப் பற்றி. ரிங் ரோட்டுப் பக்கம் சென்ட்ரிங் வேலை பார்த்தவன். சைட்டில் காப்பர் வயர் காணாமல் போனதென்று கேஸ். மார்ச்சில் பெயில் ஆகிவிட்டது; இரண்டு ஜாமீன், அதில் ஒன்று ரத்த உறவு. அவன் ரத்த உறவெல்லாம் ரயிலில் ஒன்றரை நாளுக்கு அந்தப் பக்கம்.

ஏழு நாளாகியும் வெளியே வராதவர்கள் பட்டியலில் அவன் பெயர் வந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தாண்டிப்போனேன். அவன் பெயருக்கு நேரே 'ஜாமீன்தாரர் ஏற்பாடு செய்துவருகிறார்' என்று எழுதியிருந்தது. இப்படியே மூன்று வாரம் தாண்டினேன்.

என்னை நிறுத்தியது சிறைக்குள் சட்டத் தன்னார்வலராகப் பயிற்சி எடுத்த ஒரு ஆயுள் கைதி. தாராவியில் பல வருடம் தோல் பட்டறையில் இருந்தவர், இந்தி பேசுவார். "மேடம், அந்தப் பையன் ஏற்பாடு எதுவும் பண்ணல. ஆள் பாத்துட்டு இருக்கியான்னு தமிழ்ல கேட்டிருக்காங்க. அவனுக்கு ஒண்ணும் புரியல, தலைய ஆட்டிருக்கான். அத எழுதிட்டாங்க." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துத்தான் சொன்னார். அண்ணே, நீங்கள் இந்த மடலைப் பார்ப்பீர்களா தெரியாது. சிறையில் உங்களைப் பார்க்க வருகிற நாளில் அச்செடுத்துக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுகிறேன்.

அதன் பிறகு, என்னோடு சேர்ந்து அலைந்த உசிலம்பட்டி அக்கா. என்னைவிட இவருக்குத்தான் ஃபெல்லோஷிப் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன், யாரும் விளையாட்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பையன் தங்கியிருந்த தகரக் கொட்டகையைத் தேடி மூன்று நாள் போனார். மேஸ்திரி ஆளே இல்லை, போன் ஸ்விட்ச் ஆஃப். கடைசியில் பக்கத்துக் கொட்டகையில் சமைக்கிற பெண்ணிடம் பையனின் அண்ணன் நம்பர் கிடைத்தது. போனைப் போட்டு என் காதில் வைத்தார். நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். அக்கா போனைப் பிடுங்கி, "பாய், ஜிந்தா ஹை, டீக் ஹை" என்றார். அண்ணே, உயிரோட இருக்கான், நல்லா இருக்கான் என்று அர்த்தம். அவருக்கு அவ்வளவுதான் இந்தி தெரியும். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது.

கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்க ஆள் கிடைக்கும், நாளைக்கே பையன் வெளியே வந்துவிடுவான் என்று ஒருவர் சொன்னார். ஆசையாகத்தான் இருந்தது. என் பழைய சீனியரிடம் கேட்டேன். "ரசீது போலின்னு நாளைக்கு ஒரு கேஸ் வரும், அதுலயும் அவந்தான் உள்ள போவான். 1978க்குப் போம்மா" என்றார்.

1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன மோத்தி ராம் வழக்கைத்தான் சொன்னார். மோத்தி ராம் ஒரு கொத்தனார். பெயில் கொடுத்த பிறகு மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி ஒருவர் ஜாமீன் நிற்க வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்கவில்லை. நீதிபதி கிருஷ்ண ஐயர் தீர்ப்பில் கேட்கிறார்: எங்கோ வடக்கே ஒரு தமிழரோ மலையாளியோ பிடிபட்டால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்? நான் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நம் ஆட்களுக்காகக் கேட்ட கேள்வி. வடக்கிலிருந்து வந்த பையனுக்காக மதுரையில் அதை நான் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

சீனியர் ஐயா, உங்களை விட்டு வந்தபோது கோபப்படுவீர்கள் என்று பயந்தேன். 2004 ஜூலை 24இல் இங்கே உயர் நீதிமன்றக் கிளை திறக்கிறவரைக்கும் கட்டைத் தூக்கிக்கொண்டு பாண்டியன் ரயிலில் ராத்திரி ராத்திரியாகச் சென்னைக்குப் போன கதையைச் சொல்லி, "நீ ஒத்தக்கடைக்குப் போக அலுத்துக்கிறியே" என்று கேலி செய்தீர்களே தவிர, ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. இந்த இரண்டு வருடமும் எந்த மனுவை எடுத்துக்கொண்டு வந்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தீர்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு நான் ஒரு தப்புச் செய்தேன். எஃப்.ஐ.ஆரில் பையன் பெயர் ஒரு மாதிரி, ரிமாண்ட் ரிப்போர்ட்டில் வேறு மாதிரி, பெயில் ஆர்டரில் மூன்றாவது மாதிரி. காதில் விழுந்ததைத் தமிழில் எழுதினால் அப்படித்தான். ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்ட மனுவில் நான் ஆதாரில் இருந்தபடி நாலாவது மாதிரி டைப் அடித்துவிட்டேன். மனு வெள்ளிக்கிழமை ரிட்டர்ன் ஆனது. சனி, ஞாயிறு. திங்கள்கிழமை அழகர் ஆற்றில் இறங்குகிறார், உள்ளூர் விடுமுறை. ஊரே தல்லாகுளத்திலும் ஆற்றிலும் நிற்க, நான் மாடி அறையில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை குமாஸ்தா அண்ணன்தான் மனுவைக் கையில் வாங்கி, "என்கிற என்கிற போட்டு நாலு பேரையும் எழுதும்மா. சாமிக்கே ஆயிரம் பேரு இருக்கு" என்றார். திரும்பப் போட்டோம். வியாழக்கிழமை உத்தரவு. அந்த ஆறு நாள் நான் தின்றது.

சொந்தப் பிணை, ஜாமீன்தாரர் தேவையில்லை என்று நிபந்தனை மாறியது. பெயில் ஆகி 66ஆம் நாள் சாயங்காலம் வெளியே வந்தான். கையில் ஒரு கவர். அதில் செத்துப்போன போன், மடிப்பில் கிழிந்த ஆதார் நகல், அறுபது ரூபாய். அக்கா பரோட்டாக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவன் சோறு கேட்டான். கடைக்காரர் சோறு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அவனைப் பார்த்தவர், வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த தூக்கைத் திறந்தார். அந்தக் கடைக்காரருக்கும் நன்றி, காசு வாங்கவில்லை.

கதை அதோடு முடியவில்லை. தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. பத்தரை மணிக்குக் கையெழுத்துப் போடுகிறவனை எந்தச் சைட்டில் வேலைக்கு எடுப்பார்கள்? அதற்கு ஒரு ரிலாக்சேஷன் மனு. அது கிடைக்கிற வரைக்கும் மூன்று வாரம் அவன் எங்கள் ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பேப்பர் கட்டு இறக்கிக் கொடுத்துச் சாப்பிட்டான்.

அறக்கட்டளைக்கு ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக்கூடாது. உங்கள் மாதாந்திரப் படிவத்தில் 'பயனாளிகள் எண்ணிக்கை' என்ற இடத்தில் அந்தத் தம்பிக்காக நான் எழுதியது '1'. அதே மாதம் ஒரு கல்லூரியில் ஒன்றரை மணி நேரம் சட்ட விழிப்புணர்வு பேசினேன், அதற்கு '140'. அந்த 140 பேரில் பாதி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த படிவத்திலாவது நாள் கணக்குக்கு ஒரு கட்டம் வையுங்கள். எத்தனை நாள் முன்னால் ஒருவர் வெளியே வந்தார் என்று எழுதட்டும்.

நாள் கணக்கு என்றதும் தினசரிக் காலண்டர் கொடுத்த மளிகைக் கடைக்காரர் ஞாபகம் வருகிறார். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 479ஆம் பிரிவுப்படி, முதல் தடவை வழக்கில் சிக்கியவர் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விட வேண்டும். மரணமோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றமாக இருந்தால் பொருந்தாது. பழைய வழக்குகளுக்கும் இது உண்டு என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிழித்த தாள்களின் பின்பக்கத்தில்தான் அந்தக் கணக்கையெல்லாம் போட்டேன். ராகு காலம் ஒரு பக்கம், ரிமாண்ட் நாள் ஒரு பக்கம்.

வீட்டுக்கார ஆச்சி, ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் கேட்டைத் திறந்தீர்கள். ஒரு தடவைதான் கேட்டீர்கள்: "களவாணிப் பயலுகளுக்கா பேசுற?" பதில் சொல்வதற்குள் நீங்களே, "சரி, அவனுக்கும் ஒரு ஆத்தா இருப்பா" என்று உள்ளே போய்விட்டீர்கள். அம்மா, சீட்டுக் காசை இன்னும் நான் தரவில்லை, தெரியும்.

என் நீல நோட்டில் பதினாலு பெயர் பாக்கி. அதில் ஒன்பது பேருக்கு வாய்தா தேதி உண்டு. இரண்டு வருடம் போதாது. கேஸ் விசாரணைக்கு வருகிற நேரத்தில்தான் நாங்கள் கிளம்ப வேண்டியிருக்கிறது. அடுத்து வருகிற தங்கைக்கு நோட்டு, காலண்டர், மோத்தி ராம் தீர்ப்பின் நகல், உசிலம்பட்டி அக்காவின் நம்பர் எல்லாம் மேஜை டிராயரில் இருக்கிறது. சாவி குமாஸ்தா அண்ணனிடம். நான் ஊரை விட்டுப் போகவில்லை. மாவட்டக் கோர்ட்டில்தான் இருப்பேன், சந்தேகம் என்றால் கேன்டீனில் வந்து கேட்கலாம்.

ஜெராக்ஸ் கடை அண்ணே, உங்களுக்கு இன்னும் 340 ரூபாய் பாக்கி. செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
மாடி அறை வக்கீலம்மா