நுங்கம்பாக்கம் சேலஞ்சருக்குத் துண்டுச்சீட்டு சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2018 பிப்ரவரியில் சென்னை ஓப்பன் சேலஞ்சர் டென்னிஸ் போட்டி நடந்தபோது நான் ஒரு நாள்கூட நுங்கம்பாக்கம் மைதானத்துப் பக்கம் போகவில்லை. கோபம். 1997இலிருந்து நம் ஊரில் நடந்துவந்த ஏடிபி போட்டி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸின் மேல்மட்டம்) 2017ஓடு முடிந்து புனேவுக்குப் போய்விட்டது. நடாலும் மோயாவும் வாவ்ரிங்காவும் ஆடிய அதே தரையில் யார் எவரென்று தெரியாத பையன்கள் ஆடுவதை எதற்குப் பார்க்க வேண்டும் என்று ஒரு வீம்பு. இத்தனைக்கும் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். அப்படி வீட்டில் உட்கார்ந்திருந்த ஆள்தான் இப்போது அந்தப் போட்டியின் வரலாற்றைத் தொகுத்து முடித்திருக்கிறேன் என்றால், அதில் என் உழைப்பு எவ்வளவு இருக்கும், அடுத்தவர்கள் உழைப்பு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் இந்த மடல்.

யார் பெயரையும் எழுதவில்லை. பாதிப் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள், மீதிப் பேரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

லேக் ஏரியா சாரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் ஸ்கோர் எழுதுவார்கள், டென்னிஸுக்கு ஒவ்வொரு புள்ளியையும் பழைய டைரியில் எழுதி வைக்கிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. நேராக விழுந்த சர்வுக்கு ஒரு கோடு, அடுத்தடுத்து இரண்டு சர்வும் தப்பினால் (டபுள் ஃபால்ட்) சுழி, வலைக்குப் பக்கத்தில் போய் அடித்தால் ஒரு முக்கோணம். 2018 இறுதியாட்டம் அவர் டைரியில் முழுதாக இருக்கிறது: ஆஸ்திரேலியாவின் ஜோர்டன் தாம்சனும் நம் யூகி பாம்ப்ரியும், 7-5, 3-6, 7-5, தாம்சனுக்குக் கோப்பை. மூன்றாவது செட் 5-5க்கு வந்த பக்கத்தில் கோடுகள் எல்லாம் கோணல்மாணலாக இருக்கின்றன. ஏன் சார் என்று கேட்டதற்கு, "கை நடுங்காம வேற என்ன பண்ணும்" என்றார். நான் வீட்டில் இருந்த நாள் அது. சார், அந்த டைரியை என்னை நம்பி மூன்று வாரம் கொடுத்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பிளாஸ்டிக் கவர் போட்டுத்தான் வைத்திருந்தேன்.

அடுத்தது திருவொற்றியூர்த் தம்பி. என் முதல் வரைவை அனுப்பியிருந்தேன், "2018இல் தொடங்கிய இப்போட்டி" என்று கம்பீரமாக ஆரம்பிக்கும். ஒரே வரியில் பதில் வந்தது: "அண்ணே, 2014ஐ எங்க விட்டீங்க?" கூடவே மஞ்சளடித்துப்போன ஒரு செய்தித்தாள் நறுக்கின் படம். 2014 பிப்ரவரியிலேயே சென்னையில் ஒரு சேலஞ்சர் நடந்திருக்கிறது, இறுதியில் ரஷ்யாவின் அலெக்சாண்டர் குத்ரியாவ்செவை வென்று பட்டம் வாங்கியவர் அதே யூகி பாம்ப்ரி! ஏடிபி போட்டி இங்கே கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே, அது முடிந்த அடுத்த மாதமே, அதன் நிழலில் இப்படி ஒன்று நடந்து முடிந்திருக்கிறது. நானோ அதைக் கவனிக்கவே இல்லை. தொகுப்பின் முதல் அத்தியாயத்தை முழுக்கக் கிழித்துப்போட்டுத் திரும்ப எழுதினேன். தம்பி, கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் நன்றி.

சேலஞ்சர் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சுருக்கமாக: ஏடிபி டூருக்கு ஒரு படி கீழே உள்ள தொழில்முறைப் போட்டி, 1978இலிருந்து உலகம் முழுக்க நடக்கிறது. தரவரிசையில் நூறுக்குக் கீழே கிடக்கிறவர்கள் மேலே வர முட்டிமோதுகிற இடம். நூறு என்ற எண்ணுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் ஆண்கள் ஒற்றையர் பிரிவில் தரவரிசையை வைத்து நேரடியாக உள்ளே போகிறவர்கள் 104 பேர்தான். 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றிலேயே தோற்றவருக்கும் 1,20,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. நூறுக்குள் இருந்தால் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்கலாம், வெளியே இருந்தால் விமான டிக்கெட்டுக்கே கணக்குப் பார்க்க வேண்டும். ஆட்டக்காரர்களின் பிழைப்பே அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது.

இது எனக்குப் புத்தியில் ஏறியது ஸ்ட்ரிங்கர் அண்ணனால். மட்டைக்கு நரம்பு கட்டுகிறவரிடம் போய் வரலாறு கேட்பார்களா என்று அவரே சிரித்தார், அப்புறம் ஒரு நீள நோட்டை எடுத்துப் போட்டார். எந்த நாள், எத்தனை மட்டை, எத்தனை பவுண்டு இழுவிசை, காசு வந்ததா பாக்கியா. இந்தப் பையன் தினம் நான்கு மட்டை கொடுக்கிறான், அந்தப் பையன் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறான், இன்னொருவன் தானே பழைய நரம்பு ரோல் கொண்டுவந்து கூலி மட்டும் கொடுக்கிறான். "நாலு மட்டை குடுக்குறவனுக்கு ஸ்பான்சர் இருக்கும். ரெண்டு குடுக்குறவன் அவங்கப்பா காசுல ஆடறான்" என்றார். எந்த ஸ்கோர் ஷீட்டிலும் இது வராது. அண்ணா, உங்கள் நோட்டிலிருந்து ஆட்டக்காரர் பெயர் எதையும் தொகுப்பில் எடுக்கவில்லை, எண்களை மட்டும்தான் எடுத்தேன், நீங்கள் கேட்டுக்கொண்டபடியே.

கோடம்பாக்கத்து அக்காவுக்கு. அவர் மகனும் மகளும் பந்து பொறுக்கும் பிள்ளைகளாக இருந்தவர்கள். மறுநாள் ஆட்ட அட்டவணையைச் சாயங்காலம் பலகையில் ஒட்டியதும் அதைப் போனில் படமெடுத்துக்கொள்வது அக்காவின் வழக்கம், எத்தனை மணிக்கு டிபன் கட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக. அந்தப் படங்களை அவர் அழிக்கவே இல்லை! 2019, 2023, 2024 என்று எந்தக் கோர்ட்டில் எந்த ஆட்டம், தகுதிச்சுற்று உட்பட, எல்லாம் அவர் போனில் இருந்தது. நடுநடுவே இட்லிப் படம், பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு, யாருடையதோ வளைகாப்பு. 214 படங்களை உட்கார்ந்து பிரித்தோம். டென்னிஸ் வரலாற்றுக்கு இவ்வளவு சட்னி வாசனை வேறெங்கும் இருக்காது.

அந்த 2019 படங்களில்தான் பிரஜ்னேஷ் குன்னேஸ்வரன் இருக்கிறார். நம் சென்னைக்காரர், இடதுகை, முழங்கால் காயத்தால் வருடக்கணக்கில் ஆட முடியாமல் கிடந்து மீண்டு வந்தவர். அந்த வாரம் அரையிறுதியில் ஆண்ட்ரூ ஹாரிஸிடம் தோற்றார். பட்டத்தை 19 வயது பிரெஞ்சுப் பையன் கோரன்டான் மூட்டே தூக்கிக்கொண்டு போனார். ஆனால் திங்கட்கிழமை தரவரிசை வந்தபோது பிரஜ்னேஷ் 97. முதல்முறையாக நூறுக்குள், தன் ஊரில் ஆடிய வாரத்திலேயே. கோப்பை இல்லாத அந்த வாரத்துக்குத் தொகுப்பில் ஆறு பக்கம் கொடுத்திருக்கிறேன், கோப்பைக்காரருக்கு இரண்டுதான். யாராவது சண்டைக்கு வந்தால் வரட்டும்.

2020 முதல் 2022 வரை இங்கே சேலஞ்சர் இல்லை. 2023இல் திரும்ப வந்தபோது நானும் வீம்பை விட்டுவிட்டுப் போனேன். ஆஸ்திரேலியாவின் மேக்ஸ் பர்செல் சென்னையில் ஜெயித்து, அடுத்த வாரம் பெங்களூரு, அதற்கடுத்த வாரம் புனே என்று மூன்றையும் அடுத்தடுத்து வாரிக்கொண்டு போனார். அவரும் 2018 சாம்பியன் தாம்சனும் சேர்ந்து 2024 அமெரிக்க ஓப்பன் இரட்டையர் பட்டம் வென்றார்கள் என்பதை லேக் ஏரியா சார்தான் இரவு பதினொன்றரைக்குப் போன் போட்டுச் சொன்னார். "ரெண்டு பேரும் நம்ம பசங்கய்யா!" ஆஸ்திரேலியா எப்போது நுங்கம்பாக்கத்தோடு சேர்ந்தது என்று நான் கேட்கவில்லை.

2024க்கு எனக்கு யார் உதவியும் அதிகம் தேவைப்படவில்லை, நானே எல்லா நாளும் இருந்தேன். அதற்கு முந்தைய வருடம்தான் சுமித் நாகல், வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று பேட்டி கொடுத்திருந்தார். ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பனில் கஜகஸ்தானின் பப்ளிக்கை வீழ்த்திவிட்டு இங்கே வந்தார், ஒரு செட்கூட விடவில்லை, பிப்ரவரி 11 இறுதியில் இத்தாலியின் லூக்கா நார்டியை 6-1, 6-4. மறுநாள் தரவரிசை 98. பிரஜ்னேஷுக்குப் பிறகு ஒற்றையரில் நூறுக்குள் வந்த முதல் இந்தியர், அதே மைதானம், அதே பிப்ரவரி. தோற்ற நார்டி அடுத்த மாதமே இண்டியன் வெல்ஸில் ஜோகோவிச்சை வென்றார் என்பது தனிக்கதை. அந்த வாரம் இரட்டையரை வென்ற ராம்குமார் ராமநாதனும் சாகேத் மைனேனியும் நாடுகளுக்கிடையிலான டேவிஸ் கோப்பைக்காக இஸ்லாமாபாத் போய் ஆடிவிட்டு நேராக இங்கே வந்தவர்கள், எப்போது தூங்கினார்களோ.

இறுதியாட்டம் முடிந்ததும் எனக்குப் பின்வரிசையில் இருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, நான் துண்டுத்தாளில் கிறுக்குவதைப் பார்த்து, "அங்கிள், இதை எக்ஸெல்ல போடலாமே" என்றாள். அவள்தான் பிறகு எல்லா டிராவையும் (யார் யாரோடு மோதுகிறார்கள் என்ற பட்டியல்) தட்டச்சு செய்து, என் கையெழுத்தை என் மனைவியைவிட நன்றாகப் படித்து, 2025வரை முடித்துக்கொடுத்தாள். 2025 இறுதியில் கிரியான் ஜாக்கே எலியாஸ் யேமரை 7-6, 6-4 என வென்றார், அதுதான் தொகுப்பின் கடைசி வரி. அம்மா, டை பிரேக் (6-6இல் செட்டை முடிக்கும் ஆட்டம்) கணக்கை அடைப்புக்குறியில் போடு என்று நான் நான்கு முறை மாற்றச் சொன்னதை மன்னித்துவிடு.

அப்புறம், பழைய டிரா தாள்கள் இருக்கிறதா என்று கேட்டு ஒரு அலுவலகத்துக்கு ஐந்து தடவை நடந்தேன். அங்கே யாரும் உதவவில்லை. ஆறாவது தடவை வாசலில் இருந்த காவலாளி ஐயா, "பழைய பேப்பர்காரனுக்குப் போட வெச்ச மூட்டை ஒண்ணு இருக்கு, வேணா பாருங்க" என்று உட்காரவைத்து, டீயும் வாங்கிக் கொடுத்தார். அந்த மூட்டையில் இரண்டு தாள் கிடைத்தது. டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

2014 தகுதிச்சுற்று டிரா இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் படம் போதும், அசல் வேண்டாம். தொகுப்பு வேண்டுமென்கிறவர்கள் கேளுங்கள், நகல் எடுக்கிற காசு மட்டும் கொடுத்தால் போதும்.

ஸ்ட்ரிங்கர் அண்ணா, உங்கள் நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் கொண்டுவந்து தருகிறேன், கடையில் இருங்கள்.