தறிச் சத்தமும் தாத்தாவும்

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். மான்செஸ்டர் பக்கத்தில், இப்போது மியூசியமாக இருக்கும் அந்தப் பழைய பஞ்சாலை, குவாரி பேங்க் மில்லுக்குப் போய் வந்த அன்றைக்கு நான் வாயே திறக்காமல் காரில் வந்ததைப் பார்த்து மருமகள் தப்பாக நினைத்துக்கொண்டாள் என்று போனில் சொன்னாய். கோபமெல்லாம் இல்லைடா. போனில் விளக்கினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், அவளுக்கும் படித்துக் காட்டு.

அந்தத் தறிக் கூடத்தில் ஒரு அம்மா ஒரே ஒரு தறியை ஓட்டிக் காட்டினார்களே, பாப்பா அலறி அழுதாளே, எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்களே, நான் மட்டும் பொத்தவில்லை. ஊடை நூலைக் கொண்டு போகும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்ந்து மோத, ஒவ்வொரு மோதலுக்கும் தரை என் காலுக்கடியில் அதிர்ந்தது. ஒரு தறிக்கே இந்தச் சத்தம். உன் தாத்தா வரிசை வரிசையாகத் தறி ஓடும் கூடத்தில் வருஷக்கணக்காக நின்ற ஆள். வீட்டில் அவர் "சோறு போடு" என்று சொன்னாலே தெருமுனை வரைக்கும் கேட்கும், புதிதாகக் குடி வந்தவர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள். பாட்டி அவரிடம் வாயை நன்றாக அசைத்து, கையையும் காட்டித்தான் பேசுவாள். அங்கேயும் அந்தக் காலத்துத் தறிக்காரர்கள் சத்தத்தில் ஒருவர் வாயசைவை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்களாம், நீ மொழிபெயர்த்துச் சொன்னாயே, அப்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம்.

மில்லை ஒட்டிய தோட்டம் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆற்றங்கரைச் சரிவில் படிப்படியாக இறங்கி, புதர் புதராகப் பூத்து, மேலே அந்தக் கண்ணாடி வீடு வேறு. தலைக்கு மேல் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ஏரோப்ளேன் போகாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் எனக்குக் கண்ணெல்லாம் முதலாளி வீட்டின் மேல்தான். 1784-ல் மில்லைக் கட்டிய சாமுவேல் கிரெக், ஆலைக்குப் பக்கத்திலேயே வீட்டையும் கட்டிக்கொண்டு, ஜன்னலைத் திறந்தால் மில் தெரிகிற மாதிரி குடும்பத்தோடு இருந்திருக்கிறார். கொஞ்ச தூரம் நடந்தால் 1790-ல் கட்டிய இன்னொரு வீடு, ஏழை விடுதிகளிலிருந்து வேலைக்குக் கூட்டி வந்த பிள்ளைகளுக்கு. பகலெல்லாம் மில்லில் ஓடும் மெஷினுக்கு அடியில் தவழ்ந்து பஞ்சு பொறுக்கவேண்டும், அப்புறம் அந்த வீட்டுத் தோட்டத்தில் காய்கறிக்கு மண் கொத்தவேண்டும். முதலாளி பிள்ளைகள் விளையாடவும் ஒரு தோட்டம், இவர்கள் கொத்தவும் ஒரு தோட்டம்!

1806-ல் ஜோசப், தாமஸ் என்று இரண்டு பையன்கள் அங்கிருந்து ஓடிப்போன கதை எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தாமஸுக்கு மெஷினில் மாட்டி ஒரு விரல் போய்விட்டது. இருவரும் லண்டன் வரைக்கும் போயிருக்கிறார்கள், எதற்கு? அம்மாவைப் பார்க்க. உனக்குக் கல்லூரி விடுதியில் காய்ச்சல் வந்தபோது ராத்திரியே பஸ் ஏறி வந்து நின்றாயே, அந்த முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

டிக்கெட் விலையை ரூபாயாகக் கணக்குப் போட்டு நான் பெருமூச்சு விட்டது வாஸ்தவம். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். பஞ்சு அமெரிக்காவில் அடிமைகள் பறித்தது, அந்தக் குடும்பத்துக்கே டொமினிக்கா தீவில் அடிமைகளை வைத்து நடத்திய தோட்டம் இருந்தது, இதையெல்லாம் அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. 1939-ல் அந்தக் குடும்பத்தாரே இடத்தை நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டதால்தான் இன்றைக்கு நாம் போய்ப் பார்க்க முடிந்தது.

நம் பெரம்பூரில் பக்கிங்காம் மில் 1876-ல் வந்தது, கர்நாடிக் மில் 1881-ல், 1920-ல் இரண்டும் ஒன்றாகி பி அண்ட் சி ஆனது, நடத்தியது பின்னி கம்பெனி என்பதால் நமக்கு எப்போதும் பின்னி மில்தான். தாத்தா வேலை பார்த்தது அதில் இல்லை, சின்ன மில் ஒன்றில். ஆனால் பின்னி மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் பாட்டி உலை வைப்பாள். 1918-ல் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அன்னி பெசன்ட் அம்மையாரோடு இருந்த பி.பி. வாடியாவைக் கூட்டி வந்து தொழிற்சங்கம் ஆரம்பித்தது இந்தத் தெருக்களில்தான், திரு.வி.க. நின்று பேசியதும் இங்கேதான். 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம், புளியந்தோப்பில் கலவரம், துப்பாக்கிச் சூடு. 1996-ல் மில்லை மூடினார்கள், கொஞ்ச காலம் சினிமா ஷூட்டிங் நடந்தது, இப்போது அடுக்குமாடி. வீடு கட்டக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன், இந்த ஊரில் ஜனங்கள் எங்கே போவார்கள்? ஒரு கூடம், ஓடுகிற நிலையில் நாலு தறி, அந்தச் சங்கு, இதற்கு எவ்வளவு இடம் வேண்டும் சொல்! பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டலாம்.

பெரிய மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் தறிக்காரர்தானே, தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒரு ஆளுக்கு எத்தனை தறி கொடுத்தானாம்? நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் அறுந்தால் தறி தானாக நிற்குமா, இல்லை இவன் ஓடிப் போய் நிறுத்தவேண்டுமா?" என்று என்னைப் போட்டுக் குடைந்துவிட்டார். அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் இந்த இரண்டையும் அந்த அம்மாவிடம் கேட்டு எழுது. தறி ஓடுவதை செல்லில் வீடியோ எடுத்து மாமா நம்பருக்கே அனுப்பிவிடு, எனக்கு அனுப்பினால் எனக்கு ஃபார்வர்டு பண்ணத் தெரியாது. பாப்பாவை வெளியே நிறுத்திவிட்டுப் போ.

அன்புடன்,
அம்மா