மீனைக் காட்டினீர்கள், முள்ளைக் காட்டவில்லையே

பெரிய மீன் பிடித்துப் படம் போடும் தூண்டில்கார நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் படங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன்தான் நானும். கையை முழுசாக நீட்டி மீனைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஐந்து கிலோ எட்டுக் கிலோவாகத் தெரியும், அதெல்லாம் நமக்குள் இருக்கட்டும், நானும் நீட்டியவன்தான். என் சண்டை வேறு.

படத்துக்குக் கீழே என்ன எழுதுகிறீர்கள்? "உயிர் இரை, அரை மணி நேரப் போராட்டம்". அவ்வளவுதான். என்ன தூண்டில் முள், இரையில் எங்கே குத்தினீர்கள், மீனுக்கு எங்கே மாட்டியது, ஒன்றும் இருக்காது. இடத்தைச் சொல்லாதீர்கள், அது நியாயம். சொன்னால் அடுத்த வாரம் அங்கே நிற்கக்கூட இடம் கிடைக்காது. ஆனால் முள்ளில் என்ன ரகசியம்?

ஆரம்பத்தில் இப்படி ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஓரத்தில் தெரிந்த மூன்றுமுனை முள்தான் சூட்சுமம் என்று நானே முடிவுகட்டி, உயிர் மடவையின் முதுகில் ஒன்று, வாலருகே ஒன்று என்று மாட்டிப் போட்டேன். நன்றாக விழுங்கட்டும் என்று யாரோ எழுதியிருந்ததை நம்பிக் காத்திருந்தேன். நன்றாகவே விழுங்கியது. வந்தது சின்னக் கொடுவா, திருப்பி விட வேண்டிய அளவு. முள் இரண்டும் தொண்டைக்குள், செவுள் வழியே ரத்தம். இடுக்கியை விட்டு நோண்டி நோண்டியே அதைக் கொன்றேன். அப்படி ஆழமாக மாட்டினால் நரம்பை, அதாவது தூண்டில் நூலை, வாயோரம் வெட்டிவிட்டு மீனை விடுவதே அது பிழைக்க நல்ல வழி என்று எனக்கு அப்போது தெரியாது.

வட்ட முள்ளை யாராவது அன்றைக்குப் படத்தோடு காட்டியிருந்தால் அது நடந்திருக்காது. அதன் முனை உள்பக்கமாகத் தண்டை நோக்கித் திரும்பியிருக்கும், பார்த்தால் இது எதைக் குத்தும் என்றுதான் தோன்றும். மீன் இரையை விழுங்கித் திரும்பி ஓடும்போது, முள் தொண்டையில் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே வந்து வாயின் மூலையில் மாட்டுகிறது. ஒரே நிபந்தனை, நீங்கள் சும்மா இருக்க வேண்டும். கடித்ததும் ராடை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் கையில் ஊறியிருக்குமே, அதைச் செய்தால் முள் வெறுமனே வெளியே வந்துவிடும். நரம்பு இறுகி ராடு வளையும்வரை பொறுத்து, அப்புறம் ரீலைச் சுற்றினால் போதும். முனை பக்கவாட்டில் திரும்பிய வட்ட முள்ளும் விற்கிறார்கள், அது பழைய முள்ளைப் போலவே ஆழமாக மாட்டக்கூடும், நேரானதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இன்னொன்று, முள்ளின் வாயை, அதாவது முனைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, இரையே அடைத்துவிடக் கூடாது. கொஞ்சம் பெரிய இரை என்றால் முள்ளை அதன் உடம்பில் ஏற்றாமல், மூக்குத் துளை வழியே நூலோ சின்ன ரப்பர் வளையமோ கோத்து அதில் முள்ளைத் தொங்கவிடுவார்கள். முள் முழுக்க வெளியே நிற்கும், இரையும் நெடுநேரம் நீந்தும்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம். துளையுள்ள ஈயம் நரம்பில் தாராளமாக ஓட, அதற்குக் கீழே ஒரு பாசிமணி, சுழலி, அப்புறம் முள்ளைக் கட்டும் கடைசி நரம்புத் துண்டான லீடர் என்று கட்டினால் மீன் இரையை இழுக்கும்போது ஈயத்தின் கனம் அதற்குத் தெரியாது. உதட்டில் குத்திய இரை நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், முதுகுத் துடுப்புக்குப் பின்னால் குத்தியது கீழே இறங்கப் பார்க்கும். இதெல்லாம் உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு, புதிதாக வருகிறவனுக்கு மூன்று வருட அலைச்சல்.

சரி, மீனை விட்டுவிட்டேன் என்று பெருமையாக எழுதுகிறவர்களிடம் ஒன்று. எத்தனை படம் எடுத்தீர்கள்? 1992இல் கனடாவில் ரெயின்போ ட்ரௌட் மீன்களைக் களைக்கும்வரை நீந்தவிட்டுப் பார்த்தார்கள். வெளியே எடுக்காமல் விட்டவற்றில் 12 சதவீதம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் செத்தன. களைத்தபின் அரை நிமிடம் காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம், ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72 சதவீதம். எல்லா மீனும் ட்ரௌட் இல்லைதான். ஆனாலும் தாடையில் கொக்கி மாட்டிச் செங்குத்தாகத் தூக்கி, தராசைத் தேடி, தொப்பியைச் சரிசெய்து, இன்னொரு தடவை எடு என்று நண்பரிடம் சொல்லும் நேரத்தைக் கணக்குப் பார்த்ததுண்டா? அதிலும் கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன், ஆகையால் நீங்கள் தூக்கி நிற்கும் பெரியது அநேகமாகத் தாய். 30 கிலோ அட்லாண்டிக் காட் மீன் ஒன்று போடும் முட்டை, இரண்டிரண்டு கிலோ மீன்கள் 28 சேர்ந்து போடுவதைவிட அதிகம் என்று 2018இல் ஒரு ஆய்வு வந்தது. பெரியதற்குள்ள மதிப்பு அது.

மிச்ச இரையை வேறு நீர்நிலையில் கொட்டாதீர்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் கொட்டுகிறார்கள். வட அமெரிக்காவில் ரஸ்டி கிரேஃபிஷ் என்ற, சிங்கி இறால் போன்ற நன்னீர்ப் பிராணி பல ஏரிகளுக்குப் பரவியதே பெரும்பாலும் இரை வாளிகளில் ஏறித்தான்.

அடுத்த படத்தைப் போடும்போது மீனோடு இன்னொரு படமும் வேண்டும்: ஈரத் துணியில் கிடக்கும் உங்கள் முள்ளும் லீடரும், பக்கத்தில் அளவு தெரிய ஒரு நாணயம். வாயில் எங்கே மாட்டியது, எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, நீந்திப் போனதா இல்லையா, இரண்டு வரி. செத்திருந்தால் செத்தது என்றே எழுதுங்கள். என் கொடுவாவைப் பற்றி நானே இப்போதுதான் எழுதுகிறேன்.

உங்கள் படங்களை இன்னும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்
ஒரு தூண்டில்காரன்