தர்மராயசாமி கோயிலைக் காட்டாமலே முடிந்த பேட்டைச் சுற்றுலா: கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, பெங்களூரு.

ஐயா,

கடந்த சனிக்கிழமை நீங்கள் நடத்திய, பெங்களூரின் பழைய கடைத்தெருப் பகுதியான பேட்டையின் நடைச்சுற்றுலாவுக்கு நானும் என் கணவரும் என் அம்மாவும் வந்திருந்தோம். ஆளுக்கு 900 வீதம் 2,700 ரூபாய் முன்பே கட்டிவிட்டோம். காலை 8.30 மணிக்குக் கோட்டை வாசலில் தொடங்கி 12 மணிக்குத் திகளர்பேட்டை தர்மராயசாமி கோயிலில் முடியும், விளக்கம் தமிழில் இருக்கும், குழுவில் 15 பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள் என்று உங்கள் பதிவுச் சீட்டிலேயே இருக்கிறது. இதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

அம்மாவுக்கு 71 வயது. விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்தும் தீமிதியும் பார்த்து வளர்ந்தவர். பெங்களூரிலும் தர்மராயசாமி கோயிலில் திரௌபதிக்குக் கரகம் எடுக்கிறார்கள், பௌர்ணமி இரவில் அது பேட்டைத் தெருக்களைச் சுற்றி, காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்விட்டு வரும் என்று நான் ஒருமுறை சொன்னேன். அன்றிலிருந்து அந்தக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கரகத்தன்று அந்தக் கூட்டத்தில் அவரைக் கூட்டிப்போக முடியாது. அதனால்தான் உங்களிடம் பதிவு செய்தோம்.

வழிகாட்டி வந்தபோது மணி 9.10. எண்ணிப் பார்த்தேன், நாங்கள் 34 பேர். ஒலிபெருக்கி எதுவும் இல்லை. கே.ஆர். மார்க்கெட் பூக்கடைச் சந்தடியில் முன்னால் நின்ற ஏழெட்டுப் பேரைத் தவிர யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பேசியதும் பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமும்தான். அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. வழியெல்லாம் நானே அவர் காதில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

சொன்ன வரலாறும் தப்பு. கோட்டையின் டெல்லி கேட் வாசல் முன்னால் நின்று, 1537-இல் ஊரை நிறுவிய கெம்பே கௌடா கட்டிய கல்கோட்டை இது, பேட்டைக்கு இதுதான் வாசல் என்றார். கெம்பே கௌடா கட்டியது மண்கோட்டை. 1761-இல் அதைக் கல்லால் எடுத்துக் கட்டியவர் ஹைதர் அலி. பேட்டை அதற்கு வடக்கே, தனி மதிலோடு இருந்த ஊர். 1791 மார்ச் 7 அன்று காரன்வாலிஸின் ஆங்கிலேயப் படை பேட்டையைப் பிடித்தது. கோட்டையைப் பிடிக்க மார்ச் 21 வரை ஆனது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் நடுவில் அந்த இரண்டு வாரம் எதற்காகச் சண்டை நடந்தது என்றே புரியாது. மூன்று பள்ளிப் பிள்ளைகள் அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு பொறுக்கவில்லை.

அப்புறம் சிக்பேட்டை. தெருவின் கதையைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தோம். நேராக ஒரு பட்டுப்புடவைக் கடையின் மாடிக்கு அழைத்துப்போனார். அங்கே 50 நிமிடம். யாரும் கேட்காமலே புடவைகளை விரித்துப் போட்டார்கள். அம்மா கால் வலியோடு ஸ்டூலில் உட்கார்ந்து, "கோயில் எப்போம்மா?" என்று என்னை மூன்று முறை கேட்டார். இப்படி ஒரு கடை இருப்பதாகப் பதிவுச் சீட்டில் ஒரு வார்த்தை இல்லை.

இறங்கி வந்தபோது 12 மணி தாண்டிவிட்டது. இனிமேல் போனால் நடை சாத்தியிருப்பார்கள் என்று அவென்யூ ரோட்டிலேயே முடித்துக்கொண்டார். அம்மா தயங்கித் தயங்கி அவரிடமே போய்க் கேட்டார். "அது ஒரு லோக்கல் கோயில்தான் ஆன்ட்டி, மிஸ் பண்ணினாலும் பரவாயில்லை" என்று பதில் வந்தது. திகளர் என்ற சொல்லே கன்னடத்தில் தமிழரைக் குறிக்கும். பூவும் காய்கறியும் பயிரிட்டு இந்த நகரத்துக்குக் கொடுத்த அந்த மக்கள் திரௌபதியைத் தாயாகக் கும்பிடும் கோயில் அது. பேட்டையில் எதை விட்டாலும் அதை விடலாமா? அம்மா வீடு வரும்வரை பேசவே இல்லை.

அந்த இளைஞரின் வேலையைப் பறிக்க நான் இதை எழுதவில்லை. மார்க்கெட்டில் எந்தப் பூ எங்கிருந்து வருகிறது என்று அவர் ஆசையாகத்தான் சொன்னார். சரியான குறிப்புகளைக் கொடுத்துப் பழக்காமல் 34 பேரை அவர் தலையில் கட்டியது நீங்கள்.

உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். அடுத்த சுற்றுலாவுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். அது வேண்டாம். எங்கள் 2,700 ரூபாயை 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். கடைக்கு அழைத்துப்போவதாக இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். தமிழ் பேசத் தெரிந்த வழிகாட்டி இல்லையென்றால் தமிழில் என்று விளம்பரம் செய்யாதீர்கள். பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். பதிவுச் சீட்டின் நகலையும் பணம் கட்டிய ரசீதையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்