23ஆம் நாளில் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

22 நாள் ஆபாசப் படம் பார்க்காமல் இருந்துவிட்டு 23ஆம் நாள் ராத்திரி பார்த்துவிட்டதாக எழுதியிருந்தாய். அதைவிட அதற்கடுத்த வரிதான் உறுத்தியது. ‘எல்லாம் போச்சு, மூளை பழைய நிலைக்கே போயிருக்கும்’ என்று, பார்க்காத நாள்களை எண்ணும் ஆப்பில் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு, அடுத்த மூன்று ராத்திரியும் விடிய விடியப் பார்த்திருக்கிறாய். அந்த முதல் பத்து நிமிஷம் செய்த கெடுதலைவிட அந்தப் பூஜ்யம் செய்த கெடுதல் பெரிது. குடிப்பழக்கம் உள்ளவர்களோடு வேலை செய்த ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதைத் தனியாகவே பெயரிட்டு விளக்கியிருக்கிறார். ஒரு வாய் குடித்தவன் ‘நான் தேறமாட்டேன்’ என்று முடிவு கட்டுகிறான். அந்த முடிவுதான் பாட்டிலைக் காலி செய்ய வைக்கிறது.

மூளையில் உந்துதலைக் கிளப்பும் ரசாயனமான டோபமினின் தொட்டி காலியாகிவிட்டது, 90 நாள் பொறுத்தால் நிரம்பிவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி ஒரு தொட்டி இல்லை. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளைப் பார். முதலில் பழச்சாறு வாயில் விழும்போது டோபமின் செல்கள் துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும் துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது, சாறுக்கு ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அந்த நேரத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது.

உன் விளக்கு எது? ராத்திரி 11.40. அறை இருட்டு, போன் தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது, வீட்டில் எல்லாரும் தூங்கியாயிற்று. கட்டைவிரல் தானாகவே பிரவுசரின் மூன்று புள்ளியைத் தொட்டு இன்காக்னிட்டோவைத் திறக்கிறது. படம் இன்னும் வரவில்லை, ஆனால் நெஞ்சு அதற்குள் அடித்துக்கொள்கிறது. மூளை கற்று வைத்திருப்பது இந்த வரிசையைத்தான். பார்த்து முடித்தபின் ‘இதற்கா இவ்வளவு?’ என்று வெறுமையாக இருக்கிறதே, அதுவும் இதனால்தான்: வேண்டும் என்ற உந்துதலும் அனுபவிக்கும் சுகமும் மூளையில் வேறு வேறு ஏற்பாடுகள். முதலாவது ஏறிக்கொண்டே போகும்போது இரண்டாவது அதோடு சேர்ந்து ஏறுவதில்லை.

நிறுத்தினால் அந்தப் பாடம் அழிந்துவிடாது. அதன் மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது: ‘இருட்டு, போன், தனிமை, ஆனாலும் ஒன்றும் வராது’. புதியது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பழையதோ எங்கே போனாலும் கூடவே வரும். வீட்டில் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தவர் வெளியூர் லாட்ஜ் அறையில் முதல் ராத்திரியே தடுக்கி விழுவது இதனால்தான். இதைத் தெரிந்து வைத்திருந்தால் பயணத்துக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

பழைய பாடம் அழியாது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு சறுக்கலில் புதிய பாடமும் அழியாது. 22 நாளில் எழுதியது அப்படியே இருக்கிறது.

90 என்ற எண்ணுக்கு மூளையில் அடிப்படை எதுவும் கிடையாது. புதுப் பழக்கம் தானாக நடக்கத் தொடங்க எத்தனை நாள் ஆகிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு பார்த்தது: சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்குப் பெரிய பின்னடைவு எதுவும் இல்லை. 7 நாள் அடக்கினால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் எகிறும் என்று பரப்புகிறார்களே, அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 2003ஆம் ஆண்டுக் கட்டுரை பின்னாளில் திரும்பப் பெறப்பட்டது. ‘போர்ன் மூளையைச் சுருக்கிவிடும்’ என்பதற்குக் காட்டப்படும் 2014 பெர்லின் ஆய்வில் 64 ஆண்களை ஒரே ஒரு தடவை ஸ்கேன் செய்தார்கள். அதிக நேரம் பார்த்தவர்களுக்கு மூளையின் உள்ளே இருக்கும் காடேட் என்ற பகுதியில், வலது பக்கத்தில், சாம்பல் நிறப் பொருள் (நரம்புச் செல்கள் நிறைந்த திசு) குறைவாக இருந்தது. பார்த்ததால் குறைந்ததா, குறைவாக இருந்ததால் அதிகம் பார்த்தார்களா என்பதை ஒரு தடவை எடுத்த ஸ்கேன் சொல்லாது. பயந்து சாகாதே.

முதல் வாரங்களில் எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை வரலாம், எல்லாருக்கும் வருவதில்லை. பெரும்பாலும், படம் இதுவரை எதை மூடி வைத்திருந்ததோ அதுதான் வெளியே தெரிகிறது. தூக்க மாத்திரை போல அதைப் பயன்படுத்தியவருக்குத் தூக்கம் போகும், தனிமைக்குப் பயன்படுத்தியவருக்குத் தனிமை உறைக்கும். மனநிலை தேறுவதும் அதிகமாகத் தூக்கத்தின் வழியாகத்தான் என்பது என் கணிப்பு. 2 மணிக்குத் தூங்கியவன் 11 மணிக்குத் தூங்க ஆரம்பித்தால், பகலில் கவனமும் பொறுமையும் திரும்புவதற்கு வேறு மர்மம் தேவையில்லை. காமமே அற்றுப்போனது போல ஒரு கட்டம் வந்தால் (ஃப்ளாட்லைன் என்கிறார்கள்) விடிகாலை விறைப்பு இருக்கிறதா என்று கவனி. இருந்தால் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்று ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். பல வாரமாகவே இல்லையென்றால் சர்க்கரை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்.

செய்ய வேண்டியதில் முதல் வேலை சார்ஜரை வேறு அறைக்கு மாற்றுவது. எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும். இந்த ஒன்றைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் பாதிப் பலன்தான். அடுத்து வைஃபை ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை (தளத்தின் பெயரைக் கேட்டு அது இருக்கும் இடத்தைச் சொல்லும் சேவையின் முகவரி) ஆபாசத் தளங்களை வடிகட்டும் 1.1.1.3, 1.0.0.3 என்று மாற்று. ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவை அதிலேயே நின்றுவிடும். மொபைல் டேட்டாவுக்கு மாறினால் அந்த வேலி கிடையாது, அதனால் போனிலும் தனியாகப் பூட்டு வேண்டும். அதன் பாஸ்கோடை வேறொருவர் போடட்டும், நீ போட்டால் நீயே திறப்பாய். எந்தப் பூட்டையும் உடைக்கலாம். அதன் வேலை உனக்கு இரண்டு நிமிஷம் வாங்கித் தருவது.

அந்த இரண்டு நிமிஷத்தில் ‘நினைக்கக் கூடாது’ என்று மல்லுக்கட்டாதே. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்றால் கரடிதான் வரும். எழுந்து நில், விளக்கைப் போடு. உந்துதல் உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்: நெஞ்சிலா, அடிவயிற்றிலா? பத்துக்கு எவ்வளவு? 15 நிமிஷத்துக்கு டைமர் வை. எட்டில் இருந்தது ஒன்பதுக்கு ஏறும், பிறகு இறங்கும். பலர் அந்த ஒன்பதில் கைவிடுகிறார்கள், அது ஏறிக்கொண்டே போகும் என்று நினைத்து. டைமர் அடித்தும் இறங்கவில்லையா, இன்னொரு 15 நிமிஷம்.

தவறினால் பூஜ்யமாக்காதே. 30 நாளில் எத்தனை நாள் பார்த்தாய் என்று ஒரு நோட்டில் எழுது. ஒவ்வொரு தடவையும் மூன்றே குறிப்பு: மணி, இடம், அதற்கு ஒரு மணி நேரம் முன்பு மனசு எப்படி இருந்தது. ஆறேழு குறிப்பு சேர்ந்ததும் உன் விளக்குகள் எவையென்று உனக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 கட்டாயப் பாலியல் நடத்தையை உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறாகத்தான் வைத்திருக்கிறது, போதை அடிமை நோய்களில் சேர்க்கவில்லை. 6 மாதமோ அதற்கு மேலோ கட்டுப்படுத்த முடியாமல், வேலையோ உறவோ உடம்போ கெட்டிருக்க வேண்டும், அல்லது கடுமையான துன்பமாவது இருக்க வேண்டும். ‘இது பாவம்’ என்ற உறுத்தல் மட்டுமே துன்பமாக இருந்தால் அது கோளாறு ஆகாது என்றும் சொல்கிறது. மாதத்தில் இரண்டு தடவை பார்த்துவிட்டு ‘நான் அடிமை’ என்று தன்னையே அடித்துக்கொள்பவருக்கும், தினம் மூன்று மணி நேரம் போய் வேலையை இழந்தவருக்கும் மருந்து ஒன்றல்ல. நீ எந்தப் பக்கம் என்று அந்த 30 நாள் கணக்கு சொல்லும்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனசு இருண்டே கிடந்தால் மனநல மருத்துவரைப் பார். சாகலாம் போலத் தோன்றினால் அன்றே பார். போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போ. வாரம் எத்தனை மணி நேரம், எதையெல்லாம் முயன்றாய், எங்கே முறிந்தது என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். சொல்லக் கூச்சமாக இருந்தால் நோட்டை மேஜைமேல் வைத்துவிடு, அவர் படித்துக்கொள்வார்.

அன்புடன்,
அண்ணன்