ட்ரேயில் பெயர் எழுதுங்கள்: தக்காளி நாற்றுப் பண்ணைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒட்டன்சத்திரம், பழநி, உடுமலை வட்டாரங்களில் தக்காளி நாற்று வளர்த்து விற்கிற அண்ணன்மார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

வைகாசி முடியப் போகிறது. ஆடிப் பட்டத்துக்கு என்ன ரகம் வைக்கலாம் என்று டீக்கடையில் பேச்சு தொடங்கிவிட்டது. "போன தடவை யாருக்கு நல்லா காய்ச்சது, அவர் என்ன வெச்சாரு?" எங்கள் ஊரில் ரகம் தேர்ந்தெடுப்பது என்றால் இந்த ஒரு கேள்விதான். பதில் கிடைத்த அரை மணி நேரத்தில் உங்களுக்குப் போன் வரும். "ஏழாயிரம் நாத்து வேணும், அதே ரகம்." நீங்களும் சரி என்பீர்கள். விதை போட்டு இருபத்தைந்து நாளில் எழுபது எழுபத்திரண்டு ட்ரே, அதாவது நாற்று வளர்க்கிற குழித்தட்டு, வண்டியில் வந்து இறங்கும். ஒரு ட்ரேயிலாவது எழுத்து என்று ஒன்று இருக்காது. அந்த எழுத்தைக் கேட்டுத்தான் இந்த மடல்.

போன ஆடியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பண்ணையின் பெயர் வேண்டாம், நடத்துபவர் நல்ல மனிதர்தான். கேரளா லோடுக்குப் போகிற, தோல் தடித்த, நீள்வட்டக் காய் தரும் ஹைபிரிட், அதாவது ஒட்டு ரகம், கேட்டிருந்தேன். நாற்று தளதளவென்று இருந்தது, குறையே சொல்ல முடியாது. குச்சி ஊன்றி, கயிறு கட்டி, சொட்டு நீரில் உரம் விட்டு வளர்த்தேன். முதல் காய் திரளும்போதே வீட்டுக்காரி கண்டுபிடித்துவிட்டாள். நாலைந்து வரிசை ஒரு மாதிரி, அடுத்த நாலைந்து வரிசை வேறு மாதிரி. ஒன்று நான் கேட்டது. மற்றது தட்டை உருண்டை, காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள். செடியும் குட்டை. அதற்குக் கட்டின குச்சியெல்லாம் தண்டச் செலவு.

மண்டியில் பெட்டிக்கு 14 கிலோ. இரண்டும் கலந்த பெட்டியைப் பார்த்ததும் ஏலம் கேட்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரித்துப் போடலாம் என்றால் பறிப்புக் கூலியோடு தரம் பிரிக்கும் கூலியும் சேர்ந்துகொண்டது. பண்ணையில் போய்க் கேட்டேன். "வெதை பாக்கெட்லயே அப்படி வந்திருக்கும்ணே" என்றார். இருக்கலாம். பாக்கெட் எங்கே? குப்பையில் போயிற்று. எந்தத் தொகுப்பில் வந்த விதை என்று காட்டும் லாட் நம்பர்? தெரியாது. என் கையில் இருந்த துண்டுச் சீட்டில் "நாத்து 7000" என்று மட்டும் எழுதியிருந்தது. தப்பு விதைக் கம்பெனியிலா, பண்ணையில் ட்ரே மாறியதா, வண்டியில் ஏற்றும்போது இன்னொருவர் லோடு என்னுடையதில் கலந்ததா? இன்று வரைக்கும் தெரியவில்லை. பண நட்டத்தைவிட அதுதான் எனக்கு உறுத்தல்.

"தக்காளிதானே, எல்லாம் சிவப்புதானே" என்று உங்களில் ஒருவர் கேட்டார். இல்லை அண்ணே. பெரியகுளம் ஒன்று என்று நாம் சொல்கிற பி.கே.எம்.1, தேனிப் பக்கத்து அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து வந்தது. பச்சைத் தோள் அதன் அடையாளம். எக்டேருக்கு 30, 35 டன் என்பது அதன் கணக்கு. படர்ந்து கிடந்தே காய்க்கும், விதையை நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம். புளிப்பு இருப்பதால் எங்கள் வீட்டு ரசத்துக்கு அதுதான். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் வேறு சாதி. இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்குவதற்காகவே உருவாக்கிய ஹைபிரிட். கெட்டியான காய், 90, 100 கிராம் வரும். ஆனால் அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை ஆளுக்கு ஒரு பக்கமாக இழுக்கும். ஹைபிரிட் விதை என்றால், கர்நாடகத்து ராணிபென்னூர் மாதிரி ஊர்களில் ஒவ்வொரு பூவாக மகரந்தப்பை நீக்கி, கையாலேயே ஒட்டுச் சேர்த்து எடுக்கிற விதை. விலை கூடுவதில் நியாயம் இருக்கிறது. அந்த விலை கொடுத்துவிட்டு வேறொன்றை நட்டால் யாருக்கு நியாயம்?

அதைவிடப் பெரிய விஷயம் பட்டம். மாசியில் நடுகிற தக்காளிக்கு வெயிலும் வெள்ளை ஈயும்தான் எதிரி. பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் ஆறாமல் இருந்தால் பூ பிஞ்சு பிடிக்காமல் கொட்டிவிடும். வெள்ளை ஈ இலைச்சுருளைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆடியில் நடுகிறதற்குக் கதை வேறு. பறிப்பு புரட்டாசியில் தொடங்கி ஐப்பசி மழைக்குள் போகிறது. இலைக்கருகல் தாங்க வேண்டும், மழை பட்டதும் காய் வெடிக்கக் கூடாது. மாசியில் ஒருவருக்கு அமோகமாக வந்த ரகத்தை ஆடியில் கேட்டு வருகிற எங்கள் மேலும் தப்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வாடல் நோய் விழுந்த காட்டில் அதைத் தாங்காத ரகத்தை வைப்பதும் எங்கள் தப்புதான். வாடிய செடியின் தண்டை அறுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பார்த்தால் பால் மாதிரி இறங்கும், அவ்வளவுதான் சோதனை. அதைக்கூடச் செய்யாமல்தான் மறுபடியும் அதே காட்டில் நடுகிறோம்.

ஆனால் நாங்கள் திருந்தி, பட்டம் பார்த்து, மண் பார்த்து ஒரு ரகத்தைக் கேட்டாலும், வந்தது அதுதானா என்று தெரியாவிட்டால் என்ன பயன்? ஒரு போகம் முழுக்க விளைவித்தும் அந்த ரகம் என் காட்டுக்கு ஆகுமா ஆகாதா என்ற பாடம்கூட மிஞ்சுவதில்லை. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்குத் தக்காளி விற்ற நாட்கள் நினைவிருக்கும். அப்போது எங்கள் ஊரில் எந்த நாற்று கிடைத்தாலும் போதும் என்று வாங்கிப் போனவர்கள்தான் அதிகம். அந்தப் பழக்கம் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சட்டம் பேச வரவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். விதை பாக்கெட்டில் ரகம், லாட், முளைப்புத் திறன் எல்லாம் அச்சிட்டிருக்கிறது. தக்காளிக்கு முளைப்பு குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும். அந்த விவரமெல்லாம் பாக்கெட்டைக் கிழித்து ட்ரேயில் ஊன்றியதும் காணாமல் போகிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, பதிவான ரகம் சொன்ன விளைச்சலைத் தராவிட்டால் உழவர் இழப்பீடு கேட்கலாம். கேட்கப் போனால் முதல் கேள்வியே "எந்த ரகம், என்ன ஆதாரம்?" என்பதுதான். துண்டுச் சீட்டை நீட்டவா முடியும்? பெயர் எழுதி வைத்தால் உங்களுக்கும் காப்பு. விதையே கலப்படம் என்றால் பழி உங்கள் தலையில் விழாது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ட்ரேயில் ரகம், லாட் நம்பர், விதை போட்ட தேதி. பில்லிலும் அதே மூன்று. காலி பாக்கெட்டை அந்த லோடு பறிப்பு முடியும் வரை ஒரு கவரில் போட்டு வையுங்கள். அப்புறம் முக்கியமானது, கேட்ட விதை கிடைக்கவில்லை என்றால் "இல்லை" என்று சொல்லிவிடுங்கள். "அதே மாதிரிதான்" என்று வேறொன்றைப் போட்டுத் தராதீர்கள். இதற்காக நாற்றுக்குப் பத்து பைசா கூடக் கேட்டால் தருகிறேன், ஏழாயிரத்துக்கு எழுநூறு ரூபாய். போன ஆடியில் நான் விட்டதற்கு அது ஒன்றுமே இல்லை.

இந்த ஆடிக்கு ஒரு ஏக்கரில் அர்கா ரக்ஷக். அரை ஏக்கரில் பி.கே.எம்.1, உழவர் சந்தைக்கும் வீட்டுக்கும். அதன் விதை என்னிடம் இருக்கிறது, நாற்று மட்டும் விட்டுத் தந்தால் போதும். வெள்ளை ஈ புகாத வலை போட்ட பண்ணையில்தான் கொடுப்பேன். நாற்றிலேயே வைரஸ் ஏறிவிட்டால் எந்த ரகமும் தாங்காது.

ஆனி முதல் வாரம் விதை போட வேண்டும், அதற்கு முன்னால் உங்களில் ஒருவரைக் கூப்பிடுவேன். ஒவ்வொரு ட்ரேயிலும் எழுத நேரமில்லை என்றால் பத்து ட்ரேக்கு ஒரு சீட்டு செருகினாலும் சம்மதம். தண்ணீர் பட்டால் அழியாத மார்க்கர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தக்காளிக் காட்டுக்காரன்