‘மாட்டேன்’ என்று சொல்லவும் உரிமை உண்டு என்றவர்களுக்கு

வணக்கம்.

தம்பிக்கு என் இடது சிறுநீரகத்தைக் கொடுத்து இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு ஆகிறது. ஆண்டுப் பரிசோதனையில் எனக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, சிறுநீரில் புரதம் போகவில்லை. தம்பி கடைக்குப் போய்வருகிறான். ஊரில் பார்ப்பவர்கள் எல்லாம் என்னைக் கும்பிடுகிறார்கள். அந்தக் கும்பிடு போய்ச் சேர வேண்டியவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள்.

முதலில் டயாலிசிஸ் வார்டு சிஸ்டர். வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் தம்பி உள்ளே படுத்திருப்பான், நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “கொடுக்கிறதப் பத்தி டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டு வாங்கக்கா. கேட்டாக் கொடுத்தே ஆகணும்னு இல்ல” என்றார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை.

டாக்டர் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். தம்பியின் பழைய சிறுநீரகங்களை எடுக்க மாட்டார்கள், புதியதை அடிவயிற்றில் வைப்பார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இடதுபக்க ரத்தக்குழாய் நீளமானது, அதனால் பெரும்பாலும் இடதை எடுப்பார்களாம். மிஞ்சுகிற ஒன்று கொஞ்சம் பெருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறக்குறைய 70 சதவீதத்தைச் செய்யும் என்றார். ஆபத்தையும் அவர் மறைக்கவில்லை. கொடுக்கிறவர்களில் 10,000 பேருக்கு 3 பேர் அளவில் உயிரிழப்பு நேர்ந்திருக்கிறது. பிற்காலத்தில் சிறுநீரகம் செயலிழக்கிற வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவுதான், ஆனாலும் கொடுக்காத ஆரோக்கியமான ஆளைவிடக் கூடுதல். தம்பி ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதையும் சொன்னார். நல்லதை மட்டும் சொல்லியிருந்தால் நான் அவரை நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்தது, மாற்று அறுவை ஒருங்கிணைப்பாளர் மேடம். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான். அம்மா, தம்பி மனைவி, என் வீட்டுக்காரர் மூவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். “இப்ப யாரும் இல்ல. உங்களுக்கு இஷ்டமா?” என்று கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. பயமாக இருக்கிறது, மாட்டேன் என்று சொன்னால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்றேன். “மாட்டேன்னா, உங்க உடம்பு இதுக்கு ஒத்துக்காதுன்னு மட்டும் நாங்க வீட்டுல சொல்லிக்குவோம். வேற ஒரு வார்த்தை வெளிய போகாது. தியேட்டருக்குள்ள போற வரைக்கும் நீங்க மனசு மாறலாம்” என்றார்.

பதினொரு நாள் யோசித்தேன். பிறகு நானாகத்தான் போய்ச் சம்மதம் சொன்னேன். நம் நாட்டில் உயிரோடிருக்கும்போது சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம்: அம்மாக்கள், மனைவிமார், அக்கா தங்கைகள். அவர்களில் எத்தனை பேரிடம் இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு யாராவது கேட்டிருப்பார்கள்? 2011-இல் திருத்திய உறுப்பு மாற்றுச் சட்டம் ஒவ்வொரு மாற்று அறுவை மருத்துவமனைக்கும் இப்படியொரு ஒருங்கிணைப்பாளர் கட்டாயம் என்கிறது. அது ஏன் என்று அந்த அறையில் எனக்குப் புரிந்தது.

கணவருக்குச் சிறுநீரகம் கொடுத்த டீச்சர் அக்காவுக்கும் நன்றி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்தார். என் மாமியார் ஒரேயடியாக வேண்டாம் என்று நின்றிருந்தார். “எம்மருமக மிஷின் மிதிக்க முடியுமா? இன்னொரு பிள்ள பெத்துக்க முடியுமா?” என்று அத்தை கேட்கக் கேட்க, டீச்சர் தழும்பைக் காட்டி, தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார். பிள்ளை விஷயத்துக்கு அத்தையை டாக்டரிடமே கூட்டிப்போனார். பெற்றுக்கொள்ளலாம், ஆனால் ஒரு வருஷமாவது பொறுக்க வேண்டும், கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் கூட வாய்ப்பிருப்பதால் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அங்கேயே அத்தை, “கொடுத்தவுக எத்தன வருசம் இருப்பாக?” என்று கேட்டுவிட்டார். 1954-இல் பாஸ்டனில் கூடப்பிறந்த இரட்டையருக்குக் கொடுத்தவர், அதன் பிறகு 56 வருஷம் வாழ்ந்து 79 வயதில் இறந்தார் என்று டாக்டர் சொன்னதும் அத்தை வாயில் விரலை வைத்தார்.

பணம் ஏதும் கைமாறியதா என்று என்னைத் திருப்பித் திருப்பிக் கேட்ட அதிகாரிகள் மீது அன்று கோபம் வந்தது. ஏழைகள் ஏமாந்துவிடக் கூடாது என்றுதான் கேட்கிறார்கள் என்று மேடம் விளக்கினார். அவர்களுக்கும் நன்றி.

பாரம் தூக்கக் கூடாது என்றிருந்த ஆறு வாரமும் முறை வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய எங்கள் தெருப் பெண்களை எப்படி மறப்பேன்!

போன மாதம் மகளிர் குழுக் கூட்டத்தில் அத்தைதான் எழுந்து பேசினார், படம் போட்ட அந்த ஓ.பி. சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. விருதுநகர்ப் பக்கம் யார் வீட்டிலாவது இந்தப் பயம் இருந்தால் டயாலிசிஸ் வார்டு சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் நானும் அத்தையும் பஸ் ஏறி வருகிறோம்.